இரண்டு கதவுப் பிள்ளைகள்

நியாலாவ் நீளவீடு, உலு மெராங்
4 மார்ச் 1990

தம்பி ஜெலியானுக்கு அக்கா லூலோங் எழுதுவது.

இங்கே ஒரே கூரையின் கீழ் பதினெட்டுக் கதவுகளுக்குப் பின்னால் இருக்கிற பதினெட்டுக் குடும்பங்களும் சோறு தின்று, இருமி, ஒருவர் கோழியை ஒருவர் திட்டிக்கொண்டு வழக்கம்போல் இருக்கின்றன. உன் வயிற்றெரிச்சல் எப்படி? கூச்சிங் பட்டணத்துச் சோற்றில் மிளகு அதிகம் என்கிறார் உன் அத்தான். அவர் கூச்சிங்கைப் பார்த்ததில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுக்குப் பின்னால் குன்றில், நம் ஆட்கள் எந்தக் காலத்திலும் கோடாலி வைக்காமல் விட்டிருக்கும் தீவுக்காட்டில், நாற்பத்தொரு பெரிய மரங்களின் இடுப்பில் சிவப்புப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். கீழாற்றில் முகாம் போட்டிருக்கும் மரக் கம்பெனியின் வேலை. அவர்கள் பட்டியலில் நாற்பத்தொன்றும் மெரந்தி. மெரந்தி என்றால் பலகை. நமக்கு அவை எங்காபாங். எங்காபாங் என்றால் கொட்டை, கொட்டைக்குள் கொழுப்பு, அந்தக் கொழுப்பு சூடான சோற்றின் மேல். எங்காபாங்கை வெட்டக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. ஆகவே நம் தலைவர் நியாலாவ் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வன அதிகாரியைப் பார்க்கப் போனார். நடந்ததைத் திரும்பி வந்து கூடத்தில் நடித்தே காட்டினார்.

"கொட்ட பொறுக்கித் தின்ன மரம்யா. எங்களுக்குத் தெரியாதா?"

"தெரியுதுல்ல? எழுதிக் குடுங்க."

"எழுதிக் குடுத்தா வெட்ட மாட்டீங்களே?"

"நீங்க எழுதினா செல்லாது. படிச்சவங்க எழுதணும்."

நாற்பத்தொன்றில் பாதிக்கு மேல், அதாவது இருபத்தொரு மரமாவது எங்காபாங் என்று இலை பார்க்கத் தெரிந்தவர்கள் சான்று கொடுத்தால் குன்று முழுவதையும் விட்டுவிடுவார்களாம். இல்லையென்றால் இந்த வருஷ மழைக்கு முன்னால் ரம்பம் வந்துவிடும்.

நம் குடும்பத்தில் இலை பார்த்துச் சம்பளம் வாங்குகிற ஆள் நீ ஒருவன்தான். அத்தான் மூங்கில் ஆப்பு அடித்து நாற்பத்தொரு மரத்திலும் ஏறி இலை பறித்தார். ஒவ்வொரு மரத்துக்கும் எண் எழுதிய தகடு மாட்டியிருக்கிறார். அதே எண்களோடு இலைகளைச் செய்தித்தாளில் அழுத்தி அனுப்புகிறேன்.

பயமாக இருக்கிறது என்று எழுதினால் சிரிப்பாய். ஆகவே எழுதவில்லை.

அக்கா

தம்பி, 23ஆம் மரத்தில் தேனீக்கூடு. அந்த ஓர் இலைக்கு இடது காதைக் கொடுத்திருக்கிறேன், பத்திரம். – ரெங்காவ்


கூச்சிங்
2 ஏப்ரல் 1990

அக்காவுக்கு ஜெலியான்.

வயிறு எரிகிறது, ஆகவே உயிரோடுதான் இருக்கிறேன். அங்கே எல்லாருடைய இருமலும் ஒழுங்காக நடக்கிறது என்று நம்புகிறேன். அத்தானின் காது பழைய அளவுக்கு வந்ததா?

இலைகள் வந்தன. எங்கள் இலைக் காப்பகத்தின் தலைவி டாக்டர் தியோங் மூன்று நாள் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தார். அவர் முப்பது வருஷமாக இலைகளைப் பார்ப்பவர். மனிதர்களைப் பார்ப்பதை அதற்கு முன்பே நிறுத்திவிட்டார். பதினெட்டு மரங்கள் சந்தேகமில்லாத எங்காபாங், இலையின் அடியில் பொன்னிற ரோமம். ஆறு மரங்கள் மெரந்தி. மிச்சம் பதினேழு.

"இந்தப் பதினேழும் என்ன மேடம்?"

"ரெண்டும்."

"படிவத்துல ஒரு கட்டம்தான் மேடம் இருக்கு."

"மரம் படிவத்தப் பாத்தா வளருது?"

அவர் சொல்வது இது. காட்டு மரங்கள் நான்கைந்து வருஷத்துக்கு ஒருமுறை எல்லாம் சேர்ந்து பூக்கின்றன. எங்காபாங்கும் மெரந்தியும் ஒரே தாயின் வழி வந்தவை, ஒரே வாரத்தில் பூக்கின்றன. மகரந்தம் சுமக்கிற பூச்சி எறும்பின் கண்ணளவு. அது குலம் விசாரித்துவிட்டுப் போய் உட்காருவதில்லை. இனத்துக்கு இனம் வேலி உண்டு, எந்த மரமும் தாண்டாது என்று நூறு வருஷமாகப் புத்தகங்களில் எழுதியவர்கள் கண்ணியமானவர்கள். மரங்கள் அவ்வளவு கண்ணியமானவை அல்ல.

பதினெட்டு போதாது. இன்னும் மூன்று வேண்டும். இந்தப் பதினேழின் உச்சியில் வெயில் படும் கொம்பிலிருந்து இன்னொரு முறை இலை வேண்டும் என்கிறார். எண்கள்: 2, 5, 7, 9, 12, 14, 15, 19, 20, 24, 26, 27, 30, 33, 36, 38, 40. இந்தப் பட்டியல் உன்னிடம் ஒன்று, என் மேசை இழுப்பறையில் ஒன்று. வேறு யாரிடமும் இல்லை. யாரிடமும் வாசித்துக் காட்டாதே.

கம்பெனியிலிருந்து சிகாட் என்று ஒருவர் வந்தார். நம் ஆள்தான், கீழாற்றுக்காரர். அன்னாசி டார்ட் ஒரு டப்பா கொண்டுவந்தார். "என்ன மச்சான், எப்டி இருக்க?" என்றார். எனக்கு அக்கா ஒருத்திதான், தங்கை கிடையாது என்றேன். சிரித்தார். அக்கா இருப்பது எட்டாம் கதவுக்குப் பக்கத்துக் கதவுதானே என்று கேட்டார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றும் கேட்காமல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

டார்ட்டை நான் தின்னவில்லை. டாக்டர் தின்றார், நன்றாக இருக்கிறார்.

ஜெலியான்


நியாலாவ் நீளவீடு
29 ஏப்ரல் 1990

தம்பிக்கு,

இங்கே மனிதர்கள் சுகம். நம் வீட்டு நாய்கள் இரண்டும் ஒரே நாளில் செத்துப்போயின. எதையாவது தின்றிருக்கும் என்கிறார்கள். மற்றக் கதவுகளின் நாய்களுக்கு மட்டும் அந்தப் பசி வரவில்லை. நீ பட்டணத்தில் பார்த்துச் சாப்பிடு.

எண்களை விட்டுவிட்டு உன் கடிதத்தைக் கூடத்தில் வாசித்தேன். எட்டாம் கதவு லாமுன் அத்தைக்குத்தான் முதலில் சந்தேகம் வந்தது.

"அரை எங்காபாங்னா என்னடி? அரைக் கொட்டையா காய்க்கும்?"

நியாலாவ் சொன்னார்: "ஒம் புருஷன் அரை ஆளு. ஒம் புள்ளைங்க முழுசாத்தானே பொறந்துச்சு?"

லாமுன் அத்தை செருப்பைத் தேடினார். சபை கலைந்தது.

ஆனால் நான் யோசித்தேன். நாலாம் கதவுப் பெண்ணும் ஒன்பதாம் கதவு ஆணும் கட்டிக்கொண்டால் பிள்ளை எந்தக் கதவு? எந்தக் கதவுக்குள் வளர்கிறதோ அந்தக் கதவு. இரண்டு கதவிலும் அரையரையாக அதை யாரும் எழுதுவதில்லை. அந்தக் கதவின் வயல், ஜாடி, சண்டை எல்லாம் அதற்கு முழுசாக உண்டு. இந்தப் பதினேழு மரங்களும் எந்தக் கூட்டத்துக்கு நடுவில் முளைத்து வளர்ந்தன? பதினெட்டு எங்காபாங்குக்கு நடுவில். அப்படியானால் அவை எங்காபாங் கதவுப் பிள்ளைகள். இதை உன் டாக்டரிடம் கேட்டுப் பார். படித்தவர்களுக்குச் சில விஷயங்கள் தெரியாமல் இருக்கலாம்.

தினமும் மத்தியானம் எதிர்க்கரையில் ஒரு படகு வந்து எஞ்சினை அணைத்துவிட்டு நிற்கிறது. மீன் பிடிப்பதில்லை. கை காட்டினால் திருப்பிக் கை காட்டுகிறார்கள்.

மழை விட்டதும் அத்தான் ஏறுவார்.

அக்கா

தம்பி, லாமுன் அத்தையின் செருப்பு என் மேல்தான் விழுந்தது. காது வலது. – ரெங்காவ்


கூச்சிங்
20 மே 1990

அக்காவுக்கு,

நலம் என்று எழுதும் வழக்கத்தை விடக்கூடாது என்பதால் நலம். அங்கே உன் மகள் உமாங்குக்குச் சளி விட்டதா?

உன் கதவு விஷயத்தைச் சொன்னேன். டாக்டர் முதலில் சிரித்தார். சிரித்து முடித்து ஜன்னலைப் பார்த்தார். பிறகு என்னை உட்காரச் சொன்னார். முப்பது வருஷத்தில் அவர் ஒருவரை உட்காரச் சொல்வது இது இரண்டாவது முறையாம்.

"ஒங்க அக்கா என்ன படிச்சிருக்காங்க?"

"ஆறாம் வகுப்பு மேடம்."

"நல்ல வேளை. மேல படிச்சிருந்தா இது தோணிருக்காது."

பிறகு ஒரு மணி நேரம் பேசினார். மழைக்காட்டில் ஓர் ஏக்கரில் நூறு இனம் இருக்கும், ஒவ்வோர் இனத்திலும் பெரும்பாலும் ஒரே மரம்தான் இருக்கும். தன் இனத்து அடுத்த மரம் மலைக்கு அந்தப்பக்கம். சித்தி பிள்ளை மட்டும் கூப்பிடு தூரத்தில். அதனால் மகரந்தத்தை அங்கே வாங்கிக்கொள்கிறது. அப்படி வாங்கியது சில சமயம் வறட்சிக்கு உதவுகிறது, சில சமயம் பூச்சிக்கு. வாங்கியவற்றின் பிள்ளைகள் நாளைக்கு ஒரு புது இனமாக நிற்கலாம். காட்டில் இத்தனை மரங்கள் எப்படி வந்தன என்ற கேள்விக்கு விடையில் ஒரு பங்கு இந்த வேலி தாண்டலில் இருக்கலாமாம். "அப்ப அந்தக் குன்றுல மொத்தம் எத்தன இனம் மேடம்?" என்று கேட்டேன். "இன்னும் முடியல, நடந்துகிட்டிருக்கு" என்றார். நடந்துகொண்டிருக்கும்போது ரம்பம் வந்தால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை.

உன் வாதத்தை எழுதிக் கையெழுத்துப் போடலாம் என்கிறார். ஆனால் உச்சி இலை வந்த பிறகுதான்.

சிகாட் மறுபடி இரண்டு முறை வந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. பட்டியல் இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது.

உமாங்கைத் தனியாகப் படித்துறையில் குளிக்க விடாதே. அந்த மஞ்சள் சட்டையையும் போட்டுவிடாதே. காரணம் ஒன்றும் இல்லை.

ஜெலியான்


கூச்சிங்
25 ஜூன் 1990

அக்காவுக்கு,

ஐந்து வாரமாக உன் கடிதம் இல்லை. தபால்காரரிடம் கேட்டேன், ஆற்றில் தண்ணீர் குறைவு என்றார். படகுக்காரர்களிடம் கேட்டேன், தண்ணீர் நிறைய இருக்கிறது என்றார்கள்.

எல்லாரும் சுகம்தானே? சுகமில்லாவிட்டால் அதையாவது எழுது.

ஒரு விஷயம். அத்தான் மரம் ஏற வேண்டாம். உண்டிவில்லால் அடித்தாலே இலை விழும், இங்கே எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். இதை முன்பே எழுதியிருக்க வேண்டும். அத்தான் கேட்க மாட்டார், நீ சொன்னால் கேட்பார். முக்கியமாக அந்தப் பதினேழில் ஏற வேண்டாம்.

காப்பகத்தில் என் மேசையை ஜன்னலிலிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டேன். வெயில் அதிகம்.

உடனே எழுது.

ஜெலியான்


நியாலாவ் நீளவீடு
10 ஜூலை 1990

தம்பிக்கு,

சுகம்.

பதினேழு மரத்து இலைகளும் இதோடு வருகின்றன. உண்டிவில்லால் நானே அடித்தேன். உன் யோசனை நல்ல யோசனை.

உமாங் படித்துறைக்குப் போவதில்லை. அவள் அப்பா தன் அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறார்.

அக்கா


கூச்சிங்
30 ஜூலை 1990

அக்காவுக்கு,

கடிதத்தைக் கண்டதும் போன உயிர் வந்தது. படித்ததும் பாதி திரும்பிப் போய்விட்டது. அடியில் அத்தானின் ஒரு வரி இல்லை. அவர் அக்கா வீட்டில் பேனா இல்லையா?

இலைகளைப் பற்றி. பதினேழும் திருந்திவிட்டன. ஒன்று விடாமல் பதினேழின் அடியிலும் பொன்னிற ரோமம். சுத்தமான, நல்ல குடும்பத்து எங்காபாங். போன மாசி மாதம் இரண்டும்கெட்டானாக இருந்தவை இப்போது இப்படி. டாக்டர் தியோங் கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி பார்த்தார். மறுபடி துடைத்தார்.

"ஜெலியான், மரம் நாலு மாசத்துல திருந்தாது."

"உச்சி இலை மேடம்."

"உச்சிக்குப் போனா குலம் மாறுமா? யாரோ தகடு மாத்தியிருக்காங்க. ஒங்க அக்காகிட்ட கேளு."

கேட்கிறேன், அக்கா. என்ன செய்தீர்கள்? செப்டம்பர் 12ஆம் தேதி ஆய்வு அதிகாரி குன்றுக்கு வருகிறார். சான்றிதழோடு வந்து, ஐந்து எண்களைச் சொல்லி, அந்த ஐந்து மரத்தின் இலையை அங்கேயே பார்ப்பார். ஒன்று பொருந்தாவிட்டாலும் சான்றிதழ் மோசடி. மோசடி என்றால் அடுத்த நாளே ரம்பம். அதற்கடுத்த நாள் நானும் டாக்டரும் நீதிமன்றத்தில். டாக்டர் பயப்படவில்லை. அவருக்குச் சேர்த்து நான் பயப்படுகிறேன்.

உண்மையை எழுது. அத்தான் எங்கே?

ஜெலியான்


நியாலாவ் நீளவீடு
12 ஆகஸ்ட் 1990

தம்பிக்கு,

நலம் விசாரித்திருந்தாய். சொல்கிறேன்.

ஜூன் 11ஆம் தேதி காலையில் அவர் 26ஆம் மரத்தில் ஏறினார். இருபதடி உயரத்தில் ஆப்பு போய்விட்டது. அது ஒடியவில்லை, அறுந்தது. அடிப்பக்கம் பாதிக்கு மேல் ரம்பத்தால் அறுத்து, வெட்டு தெரியாமல் சேறு பூசியிருந்தது. இடுப்பு எலும்பு உடைந்து நகர்ந்துவிட்டது. அக்கா வீட்டில் இல்லை. இதே வீட்டில், நெற்குதிருக்குப் பின்னால், பாயில் கிடக்கிறார். ஆஸ்பத்திரிக்கு ஆற்றைத் தவிர வேறு வழி கிடையாது. ஆற்றின் குறுக்கே முகாம்காரர்கள் கட்டைகளைச் சங்கிலி போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். ஒவ்வொரு படகும் நின்று, யார், எங்கே என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். விழவைத்தவர்களிடமே போய் விழுந்தவரைக் காட்ட எனக்குத் தைரியம் வரவில்லை.

காய்ச்சல் பத்து நாள். வைத்தியர் வந்து, ஏதோ ஒன்று இவர் பெயரைத் தெரிந்துகொண்டு தேடி வருகிறது என்றார். நம் வழக்கம் உனக்குத் தெரியும். பெயரை மாற்றினோம். இப்போது அவர் பெயர் கோழியெச்சம். தேடி வருவது முகம் சுளித்துக்கொண்டு போய்விடும். பழைய பெயரை இங்கே யாரும் சொல்வதில்லை, நானும் எழுதவில்லை. நியாலாவ் உட்பட எல்லாரும் மரியாதையாக, "கோழியெச்சம், கஞ்சி குடிச்சியா?" என்று கேட்கிறார்கள். அவரும் குடித்தேன் என்கிறார்.

காய்ச்சல் விட்டதும் அவர் பேசிய முதல் பேச்சு: "எனக்கு மாத்துனீங்க. மரத்துக்கு மாத்துனீங்களா?"

"மரத்துக்கு எதுக்குங்க?"

"அதையும் நம்பரத் தெரிஞ்சுகிட்டுத்தானே தேடி வர்றானுங்க?"

வீடே ஒத்துக்கொண்டது. சீக்குப் பிள்ளையின் பெயரைத் திடமான பிள்ளைக்கு வைத்தால் இரண்டும் பிழைக்கும். மழையில் எல்லாரும் போய்ப் பதினேழு சந்தேக மரத்தின் தகடுகளைப் பதினேழு நல்ல மரத்தில் மாட்டினோம், அவற்றினுடையதை இவற்றில் மாட்டினோம். பிறகுதான் நான் இலை அடித்தேன். உன் டாக்டர் பார்த்தது அதைத்தான். தப்பு என்று உனக்குத் தோன்றும். எங்களுக்கு வேறு வைத்தியம் தெரியவில்லை.

இன்னொன்று. தகடு மாற்றும்போது நாற்பத்தொரு மரத்து ஆப்புகளையும் பார்த்தோம். பதினெட்டில் ஒன்றும் அறுபடவில்லை. ஆறில் ஒன்றும் அறுபடவில்லை. அந்தப் பதினேழில் மட்டும், எல்லாவற்றிலும், இருபதடிக்கு மேல் ஓர் ஆப்பு அறுபட்டிருந்தது. பட்டியல் எழுதின உன் கடிதம் என் அரிசிப் பானைக்குள் இருக்கிறது. பானையை நான்தான் திறக்கிறேன்.

யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா


கூச்சிங்
23 ஆகஸ்ட் 1990

அக்காவுக்கு,

அத்தானைப் பற்றிப் படித்தேன். இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. காலில் உணர்ச்சி இருக்கிறதா? விரலை அசைக்கிறாரா? இங்கே எலும்பு வைத்தியர் ஒருவரிடம் விசாரித்தேன். உடனே கொண்டுவரச் சொல்கிறார். தாமதமானால் கோணலாகக் கூடிவிடுமாம். பிறகு நடப்பது கஷ்டம்.

ஆப்பு பற்றி எழுதியிருந்தாய். மற்ற விஷயங்களுக்கு வருகிறேன்.

டாக்டர் பழைய இலைகளை வைத்தே சான்றிதழ் எழுதிவிட்டார். பதினெட்டோடு உன் இரண்டு கதவுப் பிள்ளைகள் பதினேழும் சேர்த்து முப்பத்தைந்து எங்காபாங், ஆறு மெரந்தி. பின்னால் நான்கு பக்கம் விளக்கம். அதில் ஒரு பக்கம் நீ சொன்னது, உன் பெயரோடு. கேள்வி கேட்டால் நானே போய்ச் சொல்வேன் என்கிறார். ஆனால் ஆய்வு அதிகாரி நான்கு பக்கம் படிக்கிற ஆள் இல்லையாம். இலையைப் புரட்டிப் பார்ப்பார், பொன்னிறம் தெரிந்தால் சரி, தெரியாவிட்டால் இல்லை. இரண்டும்கெட்டான் இலை வந்தால் என்ன முடிவு செய்வார் என்று யாருக்கும் தெரியாது.

எப்படியிருந்தாலும் தகடு மாறியிருப்பது தெரிந்தால் எல்லாம் போச்சு. 12ஆம் தேதிக்கு முன் அவற்றைப் பழைய மரங்களுக்கே மாற்றிவிடுங்கள். மாற்றியதும் ஒரே ஒரு வரி எழுது. அந்த வரி வராமல் எனக்குச் சோறு இறங்காது.

பயமாக இருக்கிறது. நான் எழுதிவிட்டேன், நீ சிரித்துக்கொள்.

ஜெலியான்


நியாலாவ் நீளவீடு
1 செப்டம்பர் 1990

தம்பிக்கு,

தகடுகளைப் பழைய மரங்களுக்கே மாற்றி மாட்டிவிட்டோம். நிம்மதியாகச் சாப்பிடு.

அக்கா


நியாலாவ் நீளவீடு
16 செப்டம்பர் 1990

தம்பிக்கு,

நீ சாப்பிட்டிருப்பாய். நாங்களும் சாப்பிட்டோம். 12ஆம் தேதி நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

ஆய்வு அதிகாரி காலை ஒன்பது மணிக்கு வந்தார். ஒல்லி ஆள், குடை, செருப்பு. காட்டில் ரத்தம் குடிக்கும் அட்டைகளைப் பற்றி யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. கூடவே முகாமிலிருந்து சிகாட். நான் அவரை அன்றுதான் பார்த்தேன். நல்ல சிரிப்பு. ஏணியில் கால் வைத்ததும், காப்பி கொடுப்பதற்கு முன்னாலேயே, என்னிடம் சொன்னார்:

"தகடெல்லாம் பழையபடி மாட்டிட்டீங்களாமே, அக்கா? நல்ல காரியம்."

தகடு மாற்றியது இந்த வீட்டுக்குத் தெரியும். திரும்ப மாற்றியது யாருக்கும் தெரியாது, ஏனென்றால் நாங்கள் மாற்றவே இல்லை. மாற்றினோம் என்று நான் எழுதியது ஓர் ஆளுக்குத்தான். உனக்கு நான் எழுதிய முதல் பொய் அது. இரண்டாவது என்றும் சொல்லலாம். படகில் போட்டுப் பதினோராம் நாள் என் வீட்டு ஏணிக்கே திரும்பி வந்துவிட்டது. நம் தபால் இவ்வளவு வேகம் என்று எனக்குத் தெரியாது.

குன்றுக்கு எல்லாரும் போனோம். எந்த ஐந்து எண் என்று அதிகாரி யோசித்தார். சிகாட், "நான் ஒதவி பண்றேன் சார்" என்று சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார்.

"பன்னெண்டு பாருங்க சார்."

அடித்தேன். இலை விழுந்தது. அதிகாரி புரட்டினார். பொன்னிறம். எழுதிக்கொண்டார்.

"இருபத்தாறு."

பொன்னிறம்.

"ஏழு."

பொன்னிறம். சிகாட் சீட்டையும் மரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். சிரிப்பு நின்றிருந்தது.

"முப்பத்தி மூணு. இல்ல சார், முப்பத்தாறு. ரெண்டுமே பாத்துருங்க."

இரண்டுமே பொன்னிறம். கடைசி இலைக்கு நான் மூன்று முறை அடிக்க வேண்டியிருந்தது. லாமுன் அத்தை பின்னாலிருந்து, "புருஷனுக்கு வாச்ச குறி பொண்டாட்டிக்கு இல்ல" என்றார். அதிகாரி குடையை மடக்கினார்.

"மிஸ்டர் சிகாட், நீங்க யார் பக்கம்? கூப்பிட்ட அஞ்சும் எங்காபாங். இன்னும் எனக்குக் கால்ல ரத்தம் வரணுமா?"

கையெழுத்துப் போட்டுவிட்டார். குன்று நம்முடையது. சட்டம் தப்பான ஐந்து மரத்தைப் பார்த்துச் சரியான முடிவுக்கு வந்துவிட்டது. நியாலாவ் அழுதார், அதையும் நடித்துக் காட்டுவார்.

சீட்டைப் பற்றி. திரும்பி வந்ததும் சிகாட் அதைப் பாயில் போட்டுவிட்டுக் காப்பி குடித்தார். பதினேழு எண்கள். நீ எழுதுகிற ஏழுக்கு இடுப்பில் ஒரு குறுக்குக் கோடு உண்டு, சின்ன வயதிலிருந்தே. காப்பித் தட்டை எடுக்கும்போது அதையும் எடுத்தேன். அடுப்பில் போட்டேன். வேறு யாரும் பார்க்கவில்லை. அவர் சட்டைப் பையில் இன்னொன்று இருந்தது, எடுக்கும்போது பாதி தெரிந்தது. படித்துறையில் உமாங் குளிக்கிற புகைப்படம், மஞ்சள் சட்டையோடு. ஆகவே உன்னிடம் எப்படிக் கேட்டார்கள் என்று எனக்குப் புரிகிறது. எனக்குப் புரிந்து என்ன செய்வது? இடுப்பு உடைந்தது எனக்கு இல்லை.

எதிர்க்கரைப் படகு இன்றும் வந்து நின்றது. ஜெயித்துவிட்டோம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

அவர் விரலை அசைக்கிறார். எலும்பு கோணலாகத்தான் கூடுகிறது. இனியும் வைத்திருக்க முடியாது, கீழே கொண்டுபோக வேண்டும். பாயோடு தூக்க இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி நான். கட்டைத் தடுப்பில் படகை நிறுத்தி, யார், எங்கே என்று கேட்பார்கள். நம் வீட்டு ஆண்கள் வந்தால் வாக்குவாதம் வரும். நீ வந்தால் ஒன்றும் கேட்க மாட்டார்கள். உன்னை அவர்களுக்குத் தெரியும்.

கடிதம் கிடைத்த அன்றைக்கே படகு பிடி. உன் வயிற்றுக்குக் கஞ்சி வைத்திருப்பேன்.

அந்தச் சீட்டைப் பற்றி அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. தம்பி எப்ப வருவான் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் படகில் ஆறு மணி நேரம். நான் பின்னால் உட்கார்ந்து எஞ்சினைப் பார்த்துக்கொள்கிறேன், அந்தச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்காது. நீ அவர் தலைமாட்டில் உட்கார்ந்து சொல்.

அக்கா